அரை விலைக்கு வந்த பூட்டிய பெட்டி

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. சமையலறை நாட்காட்டியில் நவம்பர் முதல் தேதியைச் சுற்றி ரூடி சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்றேன்.

"என் காருக்கு" என்றார்.

போன குளிர்காலத்தில் எழுபத்தொரு நாள் காலையில் எழுந்து கார்க் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டினாராம். எண்ணி வைத்திருக்கிறார் மனுஷன். இந்த வருஷம் முதல் பனி விழும்போது கார் கராஜுக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் கராஜை அடைத்துக்கொண்டிருக்கும் என் டூல்ஸ் மொத்தமும் சர்ச் பழைய சாமான் விற்பனைக்குப் போய்விடும். நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் போட்ட முதல் கட்டளை. பயமாகக்கூட இருந்தது.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருபத்தேழு வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் பணிமனையில் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்த்தவள் நான். அங்கே எந்த ஸ்பானர் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் ஐஸ்கிரீம் வாளி, காபி டின், மகன் குழந்தையாக இருந்தபோது குளித்த தொட்டி, எல்லாவற்றிலும் இரும்பு. ஒரு நல்ல டூல்ஸ் பெட்டி வேண்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தபால் ஆபீசில் கேள்விப்பட்டது: ரெய்னோ கங்காஸ் வீட்டை விற்றுவிட்டான். அக்டோபர் நான்காம் தேதி மகள் லெனோரோடு அரிசோனாவுக்குப் போகிறான். பனியே விழாத ஊராம். நல்லது. போய்ச் சேரட்டும்.

இந்த வெள்ளியும் சனியும் வீட்டுச் சாமான் விற்பனை. அவனுடைய அந்தச் சிவப்பு டூல்ஸ் பெட்டியும் விலைக்கு வருகிறது.

அதைப் பணிமனையில் இருபது வருஷம் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். பன்னிரண்டு இழுப்பறை, கீழே நான்கு சக்கரம், இடுப்புக்கு மேல் உயரம். ரெய்னோவும் நானும் அடுத்தடுத்த மேஜை. மதியம் அவன் கொண்டுவரும் இறைச்சி அடைத்த பாஸ்டியில் பாதி எனக்கு. அதன்மேல் தக்காளி சாஸ் ஊற்றுவதா, குழம்பு ஊற்றுவதா என்று தினமும் சண்டை. அது நல்ல சண்டை.

கெட்ட சண்டை 2010 ஜனவரியில் வந்தது. என் டார்க் ரெஞ்ச், போல்ட் போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லுமே, அது. சொந்தக் காசில் வாங்கி, ஆர்டிஸ் சாரி என்ற என் பெயருக்கு ஏ.எஸ். என்று எழுத்து வெட்டி வைத்திருந்தேன். ஏழாம் நம்பர் லாரிக்கு என்று வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. "உன் மேஜை மேலதான் வச்சேன்" என்றான். நான் பதினோரு பேர் முன்னால் அவனைத் திருடன் என்றேன்.

ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. ஊரே பழகிவிட்டது.

ஊரைவிட்டுப் போவதற்குள் அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். "ஆமா, எடுத்தேன்" என்று. அது போதும். வேறு ஒன்றும் வேண்டாம். வேறு ஒன்றும் வேண்டாம் என்று எதற்கு இரண்டு தடவை எழுதுகிறேன்?

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று ஒரு திருட்டு வேலை செய்தேன். திருட்டு இல்லை, ஒளித்து வைப்பு. இந்த ஊரில் அதற்குப் பெயர் வியாபாரம்.

விற்பனை என்றால் முதல் நாள் முழு விலை, இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பாதி விலை. அதனால் கண்ணில் பட்டதை முதல் நாளே எங்காவது செருகிவிட்டு மறுநாள் வந்து கண்டெடுப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கள் பாதிரியாரின் மனைவி வெள்ளிக் கரண்டிகளைப் பழைய பூட்ஸுக்குள் போட்டுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ரெய்னோவை வெளியே காணவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அவன் கராஜுக்குள் போனேன். பெட்டியில் நானூறு டாலர் என்று சீட்டு. இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் காலி. உள்ளே பழைய எண்ணெய் வாசனை. சக்கரம் ஒன்று உடைசல், இடதுபக்கம் லாரி இடித்த ஒடுக்கு, அடியில் துரு. உடம்பு மட்டும் கெட்டி.

அவனுக்கு முழு விலை கொடுப்பேனா? ஆனால் இடுப்புக்கு மேல் உயரமான பெட்டியை எந்தப் பூட்ஸுக்குள் ஒளிப்பது?

பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே பூட்டுதான், பன்னிரண்டையும் பிடித்துக்கொள்ளும். திருகினேன், உருவினேன். திறக்க முடியாத பெட்டியை எவன் வாங்குவான்? பக்கத்து மேஜையில் பீங்கான் பிஸ்கட் ஜாடி ஒன்று இருந்தது. சமையல்காரத் தொப்பி போட்ட இளஞ்சிவப்புப் பன்றி, ஒரு காது உடைந்தது. இந்த அவலட்சணத்தை வாங்கப் பூமியில் ஆள் பிறக்கவில்லை. தொப்பியைத் தூக்கிச் சாவியை உள்ளே போட்டேன்.

வெளியே வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு விசிலடிக்க வராது.

செப்டம்பர் 14, சனி

பெட்டி கிடைத்தது. இருநூறு டாலர்.

பன்றியைக் காணவில்லை.

ரூடியை உள்ளே அனுப்பிவிட்டு நான் பிக்கப் வண்டியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் பணம் கொடுத்துவிட்டு வந்து, "நீ சொன்ன பன்னி அங்க இல்லையே" என்றார். இதற்குமேல் என்ன மானம்? இறங்கி ஓடினேன். மேஜையில் பன்றி நின்ற இடத்தில் ஒரு கைவிளக்கு.

லெனோர் காசு வாங்கிக்கொண்டிருந்தாள். "அந்தப் பன்னி ஜாடிய யாரும்மா வாங்கினா?" என்று கேட்டேன்.

"நேத்தே போயிடுச்சுக்கா. அப்பாதான் பாத்துக்கிட்டாரு, அவரத்தான் கேக்கணும்" என்றாள். "உங்களுக்குப் பன்னி பிடிக்குமாக்கா?"

அப்பாவைக் கேட்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிரெய்லரில் ஏற்றும்போது பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ 'டொங்' என்று உருண்டு போய் மோதியது. ரூடி என்னைப் பார்த்தார். நான் ரூடியைப் பார்த்தேன்.

காலிப் பெட்டிக்குள் என்ன உருளும்?

செப்டம்பர் 15, ஞாயிறு

சர்ச்சில் பிரார்த்தனையின்போது ரூடி காதோடு கேட்டார்: "அடுத்தவன் சாவிய ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு பைபிள்ல எங்கயாச்சும் இருக்கா?" இடித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பூட்டியிருந்தால் என்ன, வெளியேதான் முக்கால்வாசி வேலை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் மூன்று துணி கறுத்துப்போயிற்று. அடித்துருவை இரும்பு நாரால் தேய்த்தேன். இடதுபக்க ஒடுக்குக்கு டிங்கர் வேலை செய்ய வேண்டும், அதற்கு உள்பக்கம் கட்டை கொடுக்க வேண்டும், அதற்குத் திறக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

நிமிடத்துக்கு ஒருதரம் பெட்டியைச் சாய்த்து 'டொங்' கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து மூன்றாவது இழுப்பறை. கனமான, நீளமான சாமான். ஒரு முழ நீளம் இருக்கும்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. என் ரெஞ்ச்! வெள்ளிக்கிழமை நான் பார்த்தபோது எங்கோ அடியில் சிக்கியிருந்திருக்கிறது, ஆட்டியதில் விடுபட்டுவிட்டது. திருடிய பொருளைப் பெட்டியோடு எனக்கே விற்றிருக்கிறான் கிறுக்கன்.

செப்டம்பர் 18, புதன்

வட்டச் சாவிப் பூட்டு. ஊசி, கம்பி, ரூடியின் காது குடையும் குச்சி, எதற்கும் மசியவில்லை.

"டிரில்ல போட்டு ஓட்டையப் போடேன், ரெண்டு நிமிஷம்" என்றார் ரூடி.

முடியாது. உடைத்துத் திறக்கிறவன் மெக்கானிக் இல்லை என்பது எங்கள் பணிமனைச் சட்டம். டிரில் எடுத்தவனை ஒரு மாதம் 'பல் டாக்டர்' என்று கூப்பிடுவோம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார்? ரெய்னோவும் நானும்தான். என் வாயே எனக்கு எமன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ரேடியோவில் டார்லாவின் 'கொடுக்கல் வாங்கல்'. ஊரில் யாருக்கு எது விற்க வேண்டும், வாங்க வேண்டும் என்றாலும் அதற்குத்தான் போன் போடுவார்கள். குரலை மெல்லிசாக்கிக்கொண்டு நானும் போட்டேன்.

"வணக்கங்க. எனக்கு ஒரு பிஸ்கட் ஜாடி வேணும். பன்னி. தொப்பி போட்டது. ஒரு காது உடைஞ்சிருக்கணும்."

"கட்டாயம் உடைஞ்சிருக்கணுமா ஆர்டிஸ்?" என்றாள் டார்லா.

"நான் ஆர்டிஸ் இல்லீங்க."

"சரிங்க, ஆர்டிஸ் இல்லாதவங்களே. ஜாடி கிடைச்சா எங்க கொண்டாரணும்? ஆர்டிஸ் வீட்டுக்கா?"

இருபத்தேழு வருஷம் லாரி ரேடியோவில் டிரைவர்களைத் திட்டிய குரல். அதை எப்படி மறைப்பது? முழுப் பூசணிக்காய்க்குச் சோறு பத்தவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று அவன் போன் போட்டான்! ரேடியோவுக்கு!

"டார்லா, எங்கிட்ட ஒரு சாவி விக்கிறதுக்கு இருக்கு. வட்டச் சாவி. சிவப்புப் பெட்டி வச்சிருக்கிறவங்களுக்கு உபயோகப்படும்."

"என்ன வெல ரெய்னோ?"

"'தயவு செஞ்சு'ன்னு ஒரு வார்த்தை. நேர்ல வந்து சொல்லணும். தவணையெல்லாம் கெடையாது. அப்புறம், இத அரை விலைக்குத் தரமாட்டேன்னு சொல்லிடு."

ரூடி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் புரைக்கேறிவிட்டது. ஓங்கி ஓங்கி முதுகில் அடித்தேன். தேவைக்கு மேல் இரண்டு அடி அடித்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து அவன் குரலைச் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் கேட்டது இன்றுதான். கொஞ்சம் கரகரத்துப் போயிருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டன். இன்று ரேடியோவில் சொந்தக் குரலிலேயே சொன்னேன்: "காணாமல் போனது: டார்க் ரெஞ்ச் ஒண்ணு. ஏ.எஸ்.னு எழுத்து வெட்டியிருக்கும். 2010 ஜனவரியிலேருந்து காணோம். எடுத்த ஆளு யாருன்னு அவருக்கே தெரியும். ஊரைவிட்டுப் போறதுக்குள்ள ஒத்துக்கிட்டா நானும் தயவு செஞ்சுன்னு சொல்றேன்."

டார்லா அவசர அவசரமாக, யாரோ கோழிக்கூண்டு விற்கிறார் என்று தொடங்கிவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அவன் இன்று போன் போடவில்லை. கடைசி நிமிடம்வரை கேட்டேன்.

மளிகைக் கடையில் லெனோரைப் பார்த்தேன். காலி அட்டைப்பெட்டிகள் வாங்க வந்திருந்தாள். "அப்பா நாலு நாளா சிரிச்சுக்கிட்டே இருந்தாருக்கா. சாமான் கட்டும்போதுகூட பாட்டுதான். நேத்து நீங்க அந்த ரெஞ்சப் பத்திப் பேசினதும் ரேடியோவ அணைச்சிட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எனக்கு மட்டும் வலிக்கவில்லையா? இல்லை, இருக்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பெட்டியைச் சுவரோரம் நிறுத்த இடம் வேண்டும் என்று கராஜின் பின்மூலையை ஒழித்தேன். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும் சாமான்கள் அங்கே. ரூடி இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷத்தோடு அந்த வேலையை விட்டுவிட்டோம், அதன்பிறகு யாரும் தொடவில்லை. மீன் வாளியைக் கவிழ்த்தேன். தூண்டில், ஒற்றைக் கையுறை, காய்ந்த புழு டப்பா. அடியில் என் பழைய கட்டம்போட்ட சட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று.

ஏ.எஸ்.

பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அதுதான் கொடுமை. அந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஏரிக்குப் போகுமுன் டிரெய்லர் சக்கரத்தை இறுக்க வேண்டியிருந்தது. பணிமனைக்குள் போய் என் மேஜைமேலிருந்து ரெஞ்சை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். மேஜைமேலிருந்து! அவன் வைத்தேன் என்று சொன்ன அதே இடத்திலிருந்து. இறுக்கி முடித்ததும் சட்டையில் சுற்றி மீன் வாளியில் போட்டேன். மறுநாள் ரூடி பனியில் வழுக்கி விழுந்தார், ஆஸ்பத்திரி, ஆபரேஷன். எல்லாம் மறந்துபோயிற்று. அடுத்த வாரம் ரெஞ்சைத் தேடினேன். காணோம். கடைசியாக அதை யார் வாங்கிக்கொண்டு போனது என்று மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததுகூடப் பரவாயில்லை. நெய்யைத் திருடினாய் என்று ஒரு மனுஷனை ஒன்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேனே. மூன்று நாள் முன்னால் ரேடியோவிலும் சொன்னேனே!

செப்டம்பர் 27, வெள்ளி

மீன் விருந்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய்.

செப்டம்பர் 29, ஞாயிறு

யோசித்த வழிகள்: ஒன்று, ரெஞ்சை ஏரியில் போட்டுவிடுவது. சுப்பீரியர் ஏரி ஆழமானது, யாரிடமும் சொல்லாது. இரண்டு, அவன் சாமான்களுக்குள் செருகிவிட்டு நானே கண்டுபிடிப்பது. இதை யோசித்தபோது என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. மூன்றாவது வழி எனக்குத் தெரியும். அது பிடிக்கவில்லை.

ரூடியிடம் ரெஞ்சைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு நாள் இருக்கு ஆர்டிஸ்" என்றார்.

அப்படியானால் பெட்டிக்குள் உருள்வது என்ன?

அக்டோபர் 1, செவ்வாய்

பெட்டிக்குப் புதுச் சக்கரம் நான்கும் போட்டேன். அவன் வீட்டுப் பக்கம் மூன்று தடவை வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மூன்று தடவையும் நிறுத்தாமல் வந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மதியம் மூன்று மணி. அவன் வீட்டில் நாற்காலிகூட இல்லை, எல்லாம் கட்டிவிட்டார்கள். அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை.

"சாவிக்கு வந்தியா?" என்றான்.

"ரெய்னோ, தயவு செஞ்சு..."

"என்னது? காது கொஞ்சம் மந்தம்."

"தயவு செஞ்சு கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நான் சொல்றதக் கேளு."

ரெஞ்சைச் சுற்றியிருந்த பழைய சட்டையை விரித்து, அதை எதிரே இருந்த அட்டைப்பெட்டிமேல் வைத்தேன். எடுத்தான், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான், எழுத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"எங்க இருந்துச்சு?"

"மீன் வாளியில. நானே போட்டது. நீ மேஜைமேலதான் வச்சிருக்க. நான்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன்."

அவன் ரெஞ்சைத் திரும்ப அந்தச் சட்டைமேலேயே வைத்தான். 

"பதினோரு பேர் முன்னாடி சொன்னல்ல நீ" என்றான். "அதுல ரெண்டு பேரு சாகிற வரைக்கும் என்னை அப்படித்தான் நெனச்சிருப்பாங்க."

"ஆமா ரெய்னோ. தப்பு. என் தப்பு. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"மீன் வாளியிலயா?" என்றான் திரும்பவும்.

"புழு டப்பாவுக்கு அடியில."

முதலில் அவன் தோள் ஆடியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! காபி சிந்தி, இருமி, கண்ணைத் துடைத்து, "ஒம்போது வருஷம், புழுவோட!" என்று மறுபடி தொடங்கினான். நானும் சிரித்தேன். 

பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான்: "லெனோர்! அந்தப் பன்னிய எடுத்துட்டு வாம்மா!"

வந்தது பன்றி. தொப்பி, உடைந்த காது, எல்லாம்.

"நீ அத உள்ள போட்டப்ப சமையலறை ஜன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன். அங்க இங்க பாத்த பாரு ஒரு பார்வ, கோழித்திருடன் தோத்தான். விசில் வேற!" என்றான். "நீ போன கையோட பன்னிய உள்ள தூக்கிட்டு வந்துட்டேன். பூட்டின பெட்டிய வாங்குற கிறுக்கு இந்த ஊர்ல ஒருத்திதானே. கண்டிப்பா வருவேன்னு தெரியும்."

"அப்ப உள்ள என்னத்தப் போட்டு வச்ச?"

"தெறந்து பாரு. இப்ப ரொட்டிய வெட்டு."

ரொட்டி தின்றோம். தக்காளி சாஸா குழம்பா என்று ஒரு சுற்று. அரிசோனாவில் பாஸ்டியே கிடைக்காது என்றேன். "அதுதான் கவலையா இருக்கு" என்றான். வாசலில் கை குலுக்கினோம், எங்கள் ஊர் வழக்கப்படி, அளவாக. பிறகு அந்த மடையன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

சாவி கையில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

ஒன்பது மணிக்கு முதல் ஆளாகப் போன் போட்டேன். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், நடுவில் வாய் குழறாமல் இருக்க.

"கண்டெடுத்தது: டார்க் ரெஞ்ச் ஒண்ணு. ஒம்போது வருஷமா என் சொந்த மீன் வாளியில இருந்திருக்கு. எடுத்தது நான். ரெய்னோ கங்காஸ் எதையும் எடுக்கல. அவர திருடன்னு சொன்னது பொய். சொன்னவ ஆர்டிஸ் சாரி. அன்னைக்குப் பதினோரு பேர் கேட்டாங்க, இன்னைக்கு எல்லாரும் கேளுங்க."

டார்லா மூக்கை உறிஞ்சுவது ரேடியோவிலேயே கேட்டது. "வேற ஏதாச்சும் ஆர்டிஸ்?" என்றாள். "பன்னி ஜாடி இனிமே வேண்டாம், கிடைச்சிடுச்சு" என்றேன்.

அவர்கள் எட்டரைக்கே கிளம்பிவிட்டார்கள். நம்ம ரேடியோ கேட்கிற தூரத்துக்குள்தான் இருந்திருப்பார்கள். கணக்குப் பார்த்தேன்.

அதன்பிறகு திறந்தேன். மூன்றாவது இழுப்பறை. உள்ளே ஒரு டார்க் ரெஞ்ச். என்னுடையதைவிட உயர்ந்தது, எண்ணெய் போட்டுத் துடைத்தது, ஆர்.கே. என்று எழுத்து வெட்டியது. யாரையும் தொடவிடாமல் அவன் வைத்திருந்த ரெஞ்ச். கைப்பிடியில் நூலால் கட்டிய விலைச்சீட்டு. அதன் பின்பக்கம் பென்சிலில்:

"ஆர்டிஸ். செப். 13. உன்னோடது எங்கிட்ட இல்ல. இருந்திருந்தா தந்திருப்பேன். இத வச்சுக்கோ. சண்டை போதும், எனக்கு வயசாயிடுச்சு. ரெ."

செப்டம்பர் பதின்மூன்று. நான் சாவியை ஒளித்த அன்று. செய்யாத தப்புக்கு, நான் ரேடியோவில் ஏசுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே, தன்னிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்திருக்கிறான்.

கராஜ் தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

அக்டோபர் 19, சனி

திறந்த பெட்டி திறந்த மனசு மாதிரி, குப்பையெல்லாம் தெரிகிறது. பன்னிரண்டு இழுப்பறையையும் கழற்றி ஓடுபாதைகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் போட்டேன். உள்ளே கட்டை கொடுத்து ஒடுக்கை எடுத்தேன். முழுதும் போகவில்லை, கையால் தடவினால் தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உப்புத்தாள், பிரைமர், பிறகு இரண்டு கோட் சிவப்பு. ரூடி பச்சை அடிக்கலாமே என்றார். உள்ளே போகச் சொன்னேன்.

அக்டோபர் 30, புதன்

முதல் பனி. நான்கு அங்குலம். கார் கராஜுக்குள். பெட்டிக்கும் காருக்கும் நடுவே நான் மட்டும் பக்கவாட்டில் போகலாம், ரூடி தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படியும் காலையில் ஜன்னலருகே நின்று, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடி சுரண்டுவதைக் காபியோடு அரைமணி நேரம் ரசித்தார்.

பெட்டிமேல் பன்றி. லெனோர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். சாவி அதற்குள்தான் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

தபால் ஆபீசில் ஒரு பார்சல் போட்டேன். அரிசோனாவுக்கு. கனத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன, இரும்பா?" என்று கேட்டாள் அங்கே இருந்தவள். "ரொட்டி. நான் சுட்டது" என்றேன். நம்பிவிட்டாள். என் சமையலின் புகழ் அப்படி.

நவம்பர் 14, வியாழன்

நாளை மான் வேட்டை தொடக்கம். ஊரே துப்பாக்கி துடைத்துக்கொண்டிருக்கிறது, ரேடியோவில் கூட்டமே இல்லை. ஒன்பது ஐந்துக்குப் போன் போட்டதும் கிடைத்துவிட்டது.

"சொல்லுங்க ஆர்டிஸ். விக்கிறதா, வாங்குறதா?"

"ரெண்டும் இல்ல டார்லா, ஒரு தகவல். நேத்து ஒரு படம் வந்துச்சு. கள்ளிச்செடி பக்கத்துல நின்னு ஒருத்தன் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கான். கையில ஏ.எஸ்.னு எழுத்து வெட்டின டார்க் ரெஞ்ச்."

"ஐயோ, மறுபடியுமா?"

"என் ரெஞ்சு ரெய்னோ கங்காஸ் கிட்டத்தான் இருக்கு. ஒம்போது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், யாராச்சும் கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். பனி தள்ளும் இயந்திரத்துக்கு போல்ட் இறுக்க வேண்டியிருந்தது. பன்றியின் தொப்பியைத் தூக்கிச் சாவியை எடுத்து, மூன்றாவது இழுப்பறையிலிருந்து ஆர்.கே.யை எடுத்தேன். 'டிக்' என்றது. சரியாக இருந்தது.